ஃபைலைப் பார்க்காமல் சொன்ன பதில்

போன மாதம் கவிதா போன் செய்தாள். ஓய்வு பெறும்வரை தீர்ப்பாயத்தில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்ச் கிளார்க் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். குரலில் எரிச்சல்.

"மேடம், கம்ப்யூட்டர்ல ஒரு பாக்ஸ் வருது. ஸ்டே இருக்கா, இருந்தா இன்னிக்கு யார் நீட்டிச்சாங்கன்னு கேக்குது. அதை நிரப்பினாத்தான் அடுத்த தேதி ஏறும். ஸ்டேயே இல்லாத கேஸுக்கும் விடமாட்டேங்குது. ஒரு நாளைக்கு எம்பது கேஸ் மேடம், கை ஒடியுது. இதுக்கு விஜி பாக்ஸ்னு பேர் வெச்சிருக்காங்க ஆபீஸ்ல. அந்த விஜி நீங்கதானே?"

நான்தான். விஜயலக்ஷ்மி, மல்லேஸ்வரம். கம்ப்யூட்டர்காரர்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டிக்குக் காரணம் நான்தான். "அதை எடுக்கச் சொல்லி ஒரு லெட்டர் போடலாமா மேடம்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்குப் போனில் சொல்லி முடியாது என்றேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பாவும் அவருடைய அண்ணனும் மாநில அரசு உத்தியோகஸ்தர்கள். வீட்டில் பாதிப் பேச்சு தமிழ், பாதி கன்னடம். சண்டை மட்டும் முழுக்கத் தமிழில் நடக்கும். பி.ஏ. முடித்ததும் தேர்வு எழுதி, டைப்பிங் பாஸ் செய்து, முதலில் நகல் பிரிவில் போட்டார்கள். மூன்று வருடம் அடுத்தவர் எழுதிய உத்தரவுகளை டைப் அடித்தே ஓடியது. பிறகுதான் கோர்ட் ஹாலுக்கு வந்தேன்.

எங்கள் தீர்ப்பாயத்துக்குக் கொலை, கொள்ளை எதுவும் வராது. லைசென்ஸ் வழக்குதான். மாநகராட்சி ஒரு கடைக்கு லைசென்ஸை ரத்து செய்தால், கலால் துறை ஒரு பாருக்கு அனுமதி மறுத்தால், எங்களிடம் அப்பீல் வரும். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் வருகிறவனுக்கு அது உயிர். இட்லிக் கடை, பட்டறை, பாயிலர் வைத்த சின்ன லாண்டரி எல்லாமே ஒரு காகிதத்தின் மேல்தான் நிற்கின்றன. அந்தக் காகிதம் போனால் மறுநாள் ஷட்டரைத் தூக்க முடியாது. அதனால் அப்பீலோடு கூடவே ஸ்டே கேட்பார்கள், அதாவது வழக்கு முடியும்வரை ரத்து உத்தரவு நடைமுறைக்கு வராமல் இருக்க ஒரு தடை. முக்கால்வாசிப் பேருக்கு இறுதித் தீர்ப்பைவிட அந்த ஸ்டேதான் முக்கியம். தீர்ப்பு வர நாலு வருடம் ஆகும். அந்த நாலு வருடமும் சோறு போடுவது ஸ்டே.

பெஞ்ச் கிளார்க்கின் வேலை என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. நீதிபதிக்குக் கீழே போட்ட மேஜையில் உட்கார்ந்து, வழக்கு எண்ணைப் படித்து, ஃபைலை மேலே நீட்டி, அன்று நடந்ததை ஆர்டர் ஷீட்டில் எழுத வேண்டும். ஆர்டர் ஷீட் என்பது ஃபைலின் முன்பக்கத்தில் தைத்திருக்கும் தாள். இந்தத் தேதியில் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், அடுத்த தேதி என்ன என்று அதில் இருக்கும். நீதிபதி கீழே கையெழுத்துப் போடுவார். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று வக்கீல்களே சொல்வார்கள். எனக்கும் அந்த நினைப்பு கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

நான் பல நீதிபதிகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் சாஹேபர் என்று நான் சொன்னால் ஒருவரைத்தான் சொல்கிறேன். எங்கள் ஊரில் நீதிபதியை ஊழியர்கள் அப்படித்தான் குறிப்பிடுவோம். நேரில் "ஸ்வாமி." அவர் தார்வாட் பக்கத்துக்காரர், ஒல்லி, நாள் முழுக்க வெந்நீர்தான் குடிப்பார். கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் "விஜயம்மா." கோபம் ஏறினால் "விஜயலக்ஷ்மியவரே." அவர் கன்னடத்தில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஃபைல் போனதும் அவர் மனுவைப் படிக்கமாட்டார். முதலில் ஆர்டர் ஷீட்டைப் புரட்டுவார், அதுவும் முதல் தாளிலிருந்து. வக்கீல் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்பார். இவர் நிதானமாகப் புரட்டுவார். ஒருமுறை ஒரு பார் வழக்கு. கோயிலிலிருந்து நூறு மீட்டருக்குள் பார் இருக்கக் கூடாது என்பது விதி. இருக்கிறது என்று ஒரு தரப்பு, இல்லை என்று ஒரு தரப்பு. இரண்டு பேரும் ஆளுக்கொரு வரைபடம் வைத்திருந்தார்கள். சாஹேபர் நேரில் பார்க்கக் கிளம்பினார். டேப்பின் ஒரு முனையை அர்ச்சகரும் மறு முனையை பார்காரரும் பிடிக்க, நடுவே இரண்டு வக்கீல்களும் டேப் தொய்கிறதா என்று குனிந்து பார்த்தபடி நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பார் வாசலில் வந்து அளந்தால் நூற்று இரண்டு மீட்டர். பார்காரர் முகம் மலர்ந்தது. சாஹேபர் திரும்பி, வந்த வழியில் பத்தடி நடந்து, சுவரைத் தடவினார். "இங்கே ஒரு வாசல் இருந்ததே, அது எங்கே?" என்றார். பெயிண்ட் ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை. வழக்கு போட்டபோது தாக்கல் செய்த போட்டோவில் வாசல் அங்கேதான் இருந்திருக்கிறது. அதை ஆர்டர் ஷீட்டில் ஒரு வரி குறித்தது நான். ரொம்ப நாள் அந்தப் பெருமையில் இருந்தேன்.

இப்போது ஸ்டாம்ப் கதைக்கு வருகிறேன்.

நீதிபதி லீவு என்றால் அன்றைய வழக்குகளுக்குப் பெஞ்ச் கிளார்க்தான் அடுத்த தேதி தருவார். ஒவ்வொரு ஆர்டர் ஷீட்டிலும் "நீதிபதி விடுப்பு, அடுத்த தேதி இன்னது" என்று எழுத வேண்டும். ஸ்டே உள்ள ஃபைல்களை மட்டும் தனியாக எடுத்து, பக்கத்து ஹாலில் பொறுப்பு நீதிபதியிடம் கொண்டு போக வேண்டும். அவர் நீட்டித்துக் கையெழுத்துப் போடுவார். எங்களிடம் ஸ்டே எப்போதும் "அடுத்த தேதி வரை" என்றுதான் கொடுக்கப்படும். அந்தத் தேதியில் யாரும் நீட்டிக்காவிட்டால் அன்று மாலையே அது செத்துவிடும்.

ஒரே வரியை அறுபது தரம் எழுதி எழுதி அலுத்துப்போய், அவென்யூ ரோட்டில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன். கன்னடத்தில் அழகாக ஒரு வரி, தேதிக்கு இடம். டப் டப்பென்று அரை மணியில் வேலை முடிந்தது. மற்ற ஹால்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூளை என்றால் விஜி மூளை என்றார்கள். நான் காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. கையால் எழுதும்போது, போன தடவை என்ன நடந்தது என்று கை தானாக முந்தைய தாளைப் புரட்டிப் பார்க்கும். ஸ்டாம்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கோதண்டம் ஒக்கலிபுரத்தில் மாவு மில் வைத்திருந்தவர். ரயில்வே லைனை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன கட்டடம். கோதுமை, ராகி, மிளகாய், எல்லாம் அரைப்பார். மில்லை ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் பிரகாஷ் என்பவரின் வீடு. பிரகாஷ் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். காலை எட்டரைக்கு வீடு வந்து படுத்தால் ஒன்பதுக்கு மில் ஓட ஆரம்பிக்கும். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாநகராட்சியில் புகார் கொடுத்தார். மாநகராட்சி லைசென்ஸை ரத்து செய்தது. கோதண்டம் எங்களிடம் அப்பீல் வந்தார். சாஹேபர் ஸ்டே கொடுத்தார்.

இரண்டு பேர் மேலும் தப்பில்லாத வழக்கு அது. ஒருவருக்கு மில் ஓட வேண்டும், ஒருவருக்குத் தூங்க வேண்டும். இந்த மாதிரி வழக்கில்தான் சாஹேபர் வெந்நீர் அதிகம் குடிப்பார்.

சாஹேபர் லீவில் இருந்த ஒரு நாளில் அந்த ஃபைல் வந்தது. அறுபத்திரண்டு வழக்குகள். எல்லா ஷீட்டிலும் ஸ்டாம்பை அடித்துவிட்டு, ஸ்டே ஃபைல்களை அப்புறம் பொறுக்கிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். கோதண்டத்தின் ஃபைலில் பழைய தாள் நிரம்பிப் புதுத் தாள் தைத்திருந்தது. ஸ்டே பற்றிய வரி பழைய தாளின் பின்பக்கத்தில். ஸ்டாம்ப் விழுந்தது வெறும் புதுத் தாளில்.

அவர் வக்கீல் வரவில்லை. அவரே வந்து மேஜை ஓரம் நின்றார். புருவத்தில் எப்போதும் போல மாவு.

"மேடம், ஸ்டே கீதுங்களா?"

நான் தலையைத் தூக்கவில்லை. கை ஸ்டாம்ப் அடித்துக்கொண்டிருந்தது. "இருக்கு, இருக்கு. போங்க" என்றேன்.

சொன்னபோது அது உண்மைதான். அன்று மாலை வரை ஸ்டே இருந்தது. மத்தியானம் நான் பொறுக்கி எடுத்துப் பக்கத்து ஹாலுக்குக் கொண்டு போன ஃபைல்களில் அவருடையது இல்லை. மாலை கோர்ட் எழுந்ததும் அவருடைய ஸ்டே செத்தது. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் என் வார்த்தையை நம்பி மில்லை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

பத்து நாள் கழித்துக் காலையில் நான் ஹாலைத் திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் வந்து சீல் வெச்சிட்டு பூட்டாங்க மேடம். ஸ்டே கீதுன்னு எவ்ளோ சொன்னேன். அது அன்னிக்கே முடிஞ்சிபோச்சி, உங்க வக்கீலு பாக்கலியான்றாங்க. ஜனங்க டப்பா எல்லாம் உள்ள மாட்டிகினு கீது. ராத்திரி பூரா வந்து கதவ தட்றாங்க. யாரோட ராகி, யாரோட மொளகா, நான் இன்னா பதில் சொல்றது?"

ஃபைலை எடுத்தேன். புதுத் தாளில் அவர் ஆஜர் என்ற குறிப்பும் என் ஸ்டாம்பும். அதற்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம். புரட்டினேன். பின்பக்கத்தில் என் முத்தான கையெழுத்திலேயே, "தடை அடுத்த தேதி வரை நீட்டிக்கப்படுகிறது." நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

கோதண்டம் என் முகத்தைப் பார்த்தார். படிப்பு இல்லாதவர்களுக்கு முகம் படிக்க நன்றாகத் தெரியும்.

"உட்டுப்போச்சிங்களா மேடம்?"

"ஆமா."

ஸ்டாம்புக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எடம் கீதே மேடம். ஒரு லைனுதானே. எழுதிடுங்க" என்றார்.

எங்கள் அட்டெண்டர் சிவண்ணா, ஹால் வாசலில் நின்று வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், அவரும் பக்கத்தில்தான் இருந்தார். மாநகராட்சி வக்கீல் நாலு நாள் முன்பு வந்து ஃபைலைப் பார்த்துக் குறிப்பு எடுத்ததாகவும், ஆனால் நகல் வாங்கவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. வக்கீலின் சொந்தக் குறிப்புக்கும் கோர்ட்டின் ஆர்டர் ஷீட்டுக்கும் போட்டி வந்தால் ஆர்டர் ஷீட்தான் ஜெயிக்கும்.

பேனா மூடியைத் திறந்தேன். பொய் சொல்லவில்லை, திறந்தேன். எழுதாமல் விட்டதற்குக் காரணம் என்னுடைய நேர்மை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. முதல் காரணம் பயம். இரண்டாவது காரணம் அந்த வரியேதான். ஸ்டேயை நீட்டிக்க வேண்டியது நீதிபதி. நான் எழுதினால் நானே உத்தரவு போட்டதாக ஆகும். இருபது வருடமாக அந்த மேஜையில் உட்கார்ந்து ஒரு நாளும் நான் செய்யாத வேலை அது. மூடியை மாட்டினேன். கோதண்டத்தின் முகம் விழுந்தது. அவருக்கு அந்த நிமிடம் நான் இரண்டாம் முறையாகக் கை விட்டவள்.

"உங்க வக்கீலை உடனே வரச் சொல்லுங்க. இன்னிக்கே எடுக்கணும்னு ஒரு மெமோ போடச் சொல்லுங்க" என்றேன்.

பிறகு ஒரு தாளில் சாஹேபருக்குக் குறிப்பு எழுதினேன். இன்ன தேதியில் தடையை நீட்டிப்பதற்காகப் பொறுப்பு நீதிபதியிடம் இந்த ஃபைலை வைக்கத் தவறியது பெஞ்ச் கிளார்க்காகிய நான். மூன்று வரி. கோதண்டம் என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அதில் எழுதவில்லை. மறந்தேன் என்று சொல்லமாட்டேன். எழுதவில்லை.

சாஹேபர் அறையில் குறிப்பைப் படித்தார். ஃபைலின் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டினார். வெந்நீர் டம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்தார்.

"விஜயலக்ஷ்மியவரே, இந்தத் தாளில் இன்று யாராவது கை வைத்தீர்களா?"

"இல்லை ஸ்வாமி."

"இனியும் யாரும் வைக்க வேண்டாம். அந்த ஸ்டாம்ப் எங்கே?"

கொண்டு வந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்றார், டிராயரில் போட்டுப் பூட்டினார். கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மத்தியானம் இரண்டே முக்காலுக்கு வழக்கை எடுத்தார். கோதண்டத்தின் வக்கீல் எழுந்து, கோர்ட்டின் தவறால் கட்சிக்காரர் நஷ்டப்படக் கூடாது, ஸ்டே தொடர்ந்து இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றார். மாநகராட்சி வக்கீல் கெட்டிக்காரர். அவர் சொன்னது இதுதான்: ஸ்டே வாங்கியவர் அது நீட்டிக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று இவர் ஹாலில்தான் இருந்தார், ஆஜர் குறித்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காதது இவருடைய அலட்சியம். ஆகவே பத்து நாள் லைசென்ஸ் இல்லாமல் மில் ஓடியிருக்கிறது, அது குற்றம். அதன் மேல் தனி வழக்கு போடப்போகிறோம், குற்றம் செய்தவருக்கு லைசென்ஸ் திரும்பக் கொடுக்கவும் முடியாது.

ஸ்டே மட்டும் போகிற விஷயம் இல்லை இது. இந்த வாதம் நின்றால் மில்லே போகும்.

சாஹேபர் கோதண்டத்தை முன்னால் வரச் சொன்னார். "அன்று ஸ்டே பற்றி இங்கே யாரையாவது கேட்டீர்களா?" சிவண்ணா அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

கோதண்டம் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு நீதிபதியைப் பார்த்துக் கைகட்டி, "இல்லீங்க சாமி. கேக்கலீங்க" என்றார்.

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். மாநகராட்சி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இனி அவர் பேச வேண்டிய தேவையே இல்லை.

பெஞ்ச் கிளார்க் கோர்ட்டில் வழக்கு எண்ணைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது. யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை, வழக்கம். நீதிபதி கேட்டால் பதில் சொல்லலாம். என்னை அன்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வுப் பட்டியல். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கேட்டவனே கேட்கவில்லை என்று சொல்லியாகிவிட்டது. பேனாவைப் பிடித்துக்கொண்டு அடுத்து அவர் சொல்லப்போவதை எழுதக் காத்திருந்தேன். என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"ஸ்வாமி, அவர் கேட்டார். என்னைத்தான் கேட்டார். ஃபைலைப் பார்க்காமல் இருக்கிறது என்று நான் சொன்னேன்."

சாஹேபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் "விஜயலக்ஷ்மியவரே" வரும் என்று காத்திருந்தேன்.

"விஜயம்மா, எழுதிக்கோங்க" என்றார்.

சொல்லச் சொல்ல எழுதினேன். அப்பீல்தாரர் அன்று பெஞ்ச் கிளார்க்கிடம் விசாரித்தார். தடை உள்ளதாகப் பெஞ்ச் கிளார்க் தெரிவித்தார். அவர் ஃபைலைச் சரிபார்க்கவில்லை. அப்பீல்தாரர் மேல் அலட்சியம் இல்லை. தவறு இந்தத் தீர்ப்பாயத்தினுடையது. தடை இடைவெளியின்றித் தொடர்ந்ததாகக் கொள்ளப்படும். ஐந்து மணிக்குள் சீலை அகற்ற வேண்டும். என் தப்பை என் கையால், என் முத்தான எழுத்தில் எழுதி, கையெழுத்துக்கு மேலே நீட்டினேன்.

கோர்ட் எழுந்ததும் வராந்தாவில் கோதண்டத்தைப் பிடித்தேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஏன் பொய் சொன்னீங்க? கேட்டீங்கல்ல? உங்க மில்லு போயிருக்குமே!"

அவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். "கோர்ட்டுக்குள்ளாற கீறவங்கள காட்டிக் குடுத்துட்டா, அப்புறம் நாளைக்கி நான் யாரை போயி கேப்பேன் மேடம்?" என்றார்.

தியாகம் என்று நினைத்திருந்தேன். அது தியாகம் இல்லை, கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்ச ஃபைலை எழுதினேன்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். பணிப் பதிவேட்டில் எச்சரிக்கை ஏறியது. பதவி உயர்வு ஒரு சுற்று தள்ளிப்போனது. சாஹேபர் அதில் தலையிடவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் டிராயரைத் திறந்து ஒரு புது ஸ்டாம்பைக் கொடுத்தார். பழைய வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி: தடை உண்டா, யார் நீட்டித்தார். இரண்டிலும் கோடு மட்டும். பதிலைக் கையால் எழுதியாக வேண்டும். பிறகு அதுவே எல்லா ஹாலுக்கும் போனது. விஜி ஸ்டாம்ப் என்று பெயர் வைத்தார்கள். கேண்டீனில் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்ப்யூட்டர் வந்தபோது ஸ்டாம்பில் இருந்ததை அப்படியே பெட்டியாக்கிவிட்டார்கள்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இறுதி வாதத்துக்கு முன் சாஹேபர் ஒரு முற்பகலில் ஒக்கலிபுரம் போனார். பிரகாஷ் வீட்டில், அவர் படுக்கிற கட்டில் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மில்லை ஓட்டச் சொன்னார். நான் நோட்டோடு நின்றேன். சுவர் அதிர்ந்தது. மேஜை மேல் இருந்த ஸ்பூன் டம்ளருக்குள் ஆடியது. நடுவில் ஒரு ரயில் போனது. "பாருங்க ஸ்வாமி, ரயில் சத்தம் மில்லைவிட அதிகம்" என்றார் கோதண்டத்தின் வக்கீல். பிரகாஷ் தூக்கக் கண்ணோடு, "ரயிலு போயிடுது சார். இது போகமாட்டேங்குது" என்றார். சாஹேபர் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

தீர்ப்பு இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. மில் மத்தியானம் மூன்றரை முதல் எட்டு வரை மட்டும் ஓடலாம். இயந்திரத்தை அந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றி, கீழே ரப்பர் மெத்தை போட வேண்டும். காலை வியாபாரம் போயிற்றே என்றார் கோதண்டம். மூன்றரைக்கு மேல் எனக்கு யார் தூக்கம் தருவது என்றார் பிரகாஷ். இரண்டு பேருமே மேல் கோர்ட்டுக்குப் போகவில்லை. மில் ஓடியது.

கவிதா, இதெல்லாம் ஃபைலில் இருக்கிறது, வேண்டுமானால் ரெக்கார்டு ரூமில் எடுத்துப் பார். ஃபைலில் இல்லாதது ஒன்று. அதற்காகத்தான் பெட்டியை எடுக்க வேண்டாம் என்றேன்.

சீல் எடுத்த பிறகு வந்த முதல் தேதி. சாஹேபர் ஸ்டேயை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோதண்டம் மேஜை ஓரம் வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாரோ, கேட்டு என்ன பிரயோஜனம் என்று நினைத்தாரோ. அடுத்த வழக்கைக் கூப்பிட வேண்டிய நேரம். நான் நிறுத்திவிட்டு, ஆர்டர் ஷீட்டை அவர் பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் விரலை வைத்தேன்.

"இதோ இருக்கு. நீங்களே படிச்சுக்கோங்க. இனிமே யார் வார்த்தையையும் நம்ப வேணாம்."

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு சிரித்தார்.

"எனுக்கு கன்னடம் படிக்க வராது மேடம். தமிழே எழுத்துக் கூட்டித்தான். நீங்க பாத்து சொல்லுங்க."

நான் தாளை என் பக்கம் திருப்பினேன். தேதியைப் பார்த்தேன். வரியைப் பார்த்தேன். கையெழுத்தைப் பார்த்தேன்.

"இருக்கு" என்றேன்.